எட்டாத வாசலும் எண்ணிப் பார்த்த கற்களும்: புதையல் தேடும் வீடியோ கேம்களுக்கு ஓர் அறிமுகம்

பெரிய கல் மண்டபம் ஒன்றில் நிற்கிறீர்கள். எதிர்ச் சுவரில், வெகு உயரத்தில், ஒரு வாசல் தெரிகிறது. படிக்கட்டு இல்லை. இடது பக்கம் பாதி இடிந்த தூண். வலது பக்கம் தண்ணீர் நிறைந்த தொட்டி. நடுவே, சுற்றியுள்ள கற்களிலிருந்து நிறம் சற்றே மாறிய ஒரு கல் பாளம். திரையில் அம்புக்குறி எதுவும் இல்லை. "இந்தப் பக்கம் வா" என்று கூப்பிடவும் யாரும் இல்லை. அந்த வாசலுக்கு எப்படிப் போவது?

புதையல் தேடும் தொல்லியலாளரை நாயகராகவோ நாயகியாகவோ கொண்ட வீடியோ கேம்களின் உயிர் இந்த ஒரு கேள்வியில் இருக்கிறது. துப்பாக்கி, ஓநாய், உருண்டு வரும் பாறை, பொன்னாலான சிலை எல்லாம் அதைச் சுற்றிக் கட்டிய தோரணம். இது தெரியாமல் முதல் முறை விளையாட உட்காருகிறவர்கள், "எங்கே போவதென்றே தெரியவில்லை" என்று அரை மணி நேரத்தில் எழுந்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் எனக்கு அது வருத்தமாகவே இருக்கும். எங்கே போவதென்று தெரியாமல் நிற்கும் அந்த நிமிடத்தில்தான் விளையாட்டே தொடங்குகிறது. அதை யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தால் அவர்கள் எழுந்திருக்க மாட்டார்கள். அதனால் இங்கே சொல்கிறேன்.

கையின் வேலையும் மூளையின் வேலையும்

இந்த வகைக்கு ஆக்‌ஷன்-அட்வென்ச்சர் என்று பெயர். அதிரடி சாகசம் என்று தமிழில் சொல்கிறோம். இரண்டு பழைய வகைகள் கலந்து உண்டான வகை இது. ஆக்‌ஷன் கேம்களில் வேலை கைக்கு: சரியான கணத்தில் பட்டனை அழுத்த வேண்டும், குறி பார்க்க வேண்டும், விலக வேண்டும். அட்வென்ச்சர் கேம்களில் வேலை மூளைக்கு: சுற்றிப் பார்த்து, கிடைத்த பொருளை எடுத்து வைத்துக்கொண்டு, அது எங்கே பயன்படும் என்று யோசிக்க வேண்டும். இரண்டையும் சேர்த்தால், வழியை முதலில் கண்ணாலும் மூளையாலும் கண்டுபிடித்து, பிறகு கையால் நடத்திக் காட்ட வேண்டிய விளையாட்டு கிடைக்கிறது.

தொடக்கக்காரர்களுக்கு இதிலிருந்து ஒரு நல்ல பாடம் உண்டு. எங்காவது மாட்டிக்கொண்டால், "எனக்கு வழி தெரியவில்லையா, தெரிந்த வழியில் போகக் கை வரவில்லையா?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். வழி தெரியாதவர் இருபது முறை குதித்துப் பார்ப்பதில் பயன் இல்லை. நின்று பார்க்க வேண்டும். வழி தெரிந்தவர் புதிய வழி தேடி அலைவதிலும் பயன் இல்லை. அதே தாவலைப் பழக வேண்டும். மாட்டிக்கொள்கிறவர்களில் பெரும்பாலோர் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள்.

அட்வென்ச்சர் என்ற பெயரே ஒரு குகையிலிருந்து வந்தது. வில் கிரௌதர் என்ற அமெரிக்கக் கணினி நிரலாளர் குகைகளுக்குள் இறங்கி வரைபடம் எடுக்கும் பழக்கம் உள்ளவர். கென்டக்கி மாநிலத்து மாமத் குகையில் தான் பார்த்த பாதைகளை அடிப்படையாக வைத்து, 1970களின் நடுவில் 'அட்வென்ச்சர்' என்ற நிரலை எழுதினார். அதில் படம் கிடையாது. நீங்கள் இருக்கும் இடத்தைக் கணினி வாக்கியங்களில் வர்ணிக்கும். நீங்கள் ஓரிரு சொற்களில் கட்டளை தட்டச்சு செய்ய வேண்டும். 1977-ல் டான் வுட்ஸ் என்ற இன்னொரு நிரலாளர் அதை விரிவாக்கினார். குகையில் உள்ள செல்வங்களை எடுத்து வந்து வெளியே ஒரு கட்டடத்தில் சேர்ப்பதுதான் இலக்கு. ஆக, இந்த மரபின் வேரிலேயே புதையல் வேட்டை இருக்கிறது.

அந்த எழுத்துக் குகையை அட்டாரி நிறுவனத்தின் வீட்டு கேம் கருவியில் படமாக மாற்றியவர் வாரன் ராபினெட் என்ற நிரலாளர். 1980-ல் வந்த அந்த 'அட்வென்ச்சர்' கேமில் நாயகர் வெறும் சதுரப் புள்ளி; ஆனாலும் தொலைந்த பொற்கிண்ணத்தைத் தேடி அலையும் உணர்வு அதில் முழுதாக இருந்தது. நிரலாளர்களின் பெயரை நிறுவனம் வெளியிடாத காலம் அது. ராபினெட் தன் பெயரை ஓர் இரகசிய அறைக்குள் ஒளித்து வைத்தார். விளையாட்டே புதையல் வேட்டை; அதற்குள் படைத்தவரின் பெயர் இன்னொரு புதையல்! 1982-ல் டேவிட் கிரேன் உருவாக்கிய 'பிட்ஃபால்' வந்தது: காட்டுக்குள் ஓடி, முதலைகளின் தலைமேல் தாவி, 20 நிமிடத்துக்குள் 32 செல்வங்களை எடுக்க வேண்டும். 1989-ல் இங்கிலாந்தின் டார்பி நகரில் இருந்த கோர் டிசைன் என்ற சிறிய நிறுவனம் 'ரிக் டேஞ்சரஸ்' என்ற கேமைச் செய்தது. தொப்பி அணிந்த சாகசக்காரர், துரத்தும் பாறை, எங்கும் பொறிகள். ஆனால் அந்தப் பொறிகள் முன்னறிவிப்பு இல்லாமல் கொல்பவை. செத்துத்தான் கற்க முடியும். அது எனக்குப் பிடிக்காது. பார்த்தால் கண்டுபிடிக்க முடியாத பொறி நேர்மையான பொறி ஆகாது. அதே நிறுவனம் ஏழு ஆண்டுகள் கழித்து நேர்மையான பொறி எப்படி இருக்கும் என்பதை உலகுக்குக் காட்டியது.

லாரா வந்த கதை

1996-ன் இறுதியில் சேகா சாட்டர்ன், பிளேஸ்டேஷன் என்ற கேம் கருவிகளுக்கும் கணினிக்கும் 'டூம் ரைடர்' வெளிவந்தது. உருவாக்கியது கோர் டிசைன், வெளியிட்டது ஐடோஸ். நாயகி லாரா கிராஃப்ட்டை வடிவமைத்தவர் டோபி கார்ட். முதலில் ஓர் ஆண் பாத்திரத்தைத்தான் அவர் நினைத்திருந்தார். பிறகு அது லோரா குரூஸ் என்ற தென் அமெரிக்கப் பெண்ணாகி, கடைசியில் லாரா கிராஃப்ட் என்ற ஆங்கிலேயப் பெண்ணாக நிலைத்தது.

கதை சுருக்கமானது. கல்கத்தாவில் ஒரு ஹோட்டலில் இருக்கும் லாராவைத் தேடி ஓர் ஆள் வருகிறான். நாட்லா என்ற பெண் தொழிலதிபரின் சார்பில் பேசும் அவன், பெரு நாட்டு மலைகளில் உள்ள குவாலோபெக் என்ற அரசரின் கல்லறையிலிருந்து ஒரு பழம்பொருளை எடுத்துத் தரச் சொல்கிறான். அந்தப் பொருள் ஒரு பெரிய சாதனத்தின் ஒரு துண்டு மட்டுமே. மற்றத் துண்டுகள் கிரேக்கத்திலும் எகிப்திலும் கிடக்கின்றன. எல்லாம் சேர்ந்தால் கடலில் மூழ்கிய அட்லாண்டிஸின் சக்தி திரும்பும். மொத்தம் 15 லெவல்கள். கதைக்கு இதற்குமேல் இடம் கொடுக்கத் தேவையில்லை. இந்த விளையாட்டின் பெருமை வேறு இடத்தில் இருக்கிறது.

கற்களை எண்ணுங்கள்

முதல் டூம் ரைடரின் உலகம் முழுவதும் சம அளவுள்ள சதுரக் கட்டங்களால் ஆனது. தரை, சுவர், பள்ளம், மேடை எல்லாமே அந்தக் கட்டங்களின் கணக்கில்தான் அமைந்திருக்கின்றன. தரையில் வரைந்திருக்கும் கல் ஒன்று ஒரு கட்டம். ஆகவே எதிரே உள்ள பள்ளம் எத்தனை கட்டம் அகலம் என்பதைக் கண்ணாலேயே எண்ணிவிடலாம்.

லாராவின் உடலும் அதே அளவுகோலுக்குக் கட்டுப்பட்டது. நின்ற இடத்திலிருந்து தாவினால் ஒரு கட்டப் பள்ளத்தைத் தாண்டுவாள். ஓடி வந்து தாவினால் இரண்டு கட்டம். ஓடித் தாவி, எதிர் விளிம்பைக் கையால் பற்றினால் மூன்று கட்டம். நான்கு கட்டப் பள்ளத்தை எந்தத் தாவலாலும் கடக்க முடியாது. தொடக்கக்காரர் மனப்பாடம் செய்ய வேண்டியது இந்தச் சிறிய கணக்கு மட்டுமே.

இனி, ஓடித் தாவுவது எப்படி? நடை பட்டனை அழுத்திக்கொண்டு விளிம்பு நோக்கி முன்னே செலுத்துங்கள். நடக்கும்போது லாரா ஒருபோதும் விளிம்பைத் தாண்டி விழ மாட்டாள்; நுனியில் வந்து நின்றுவிடுவாள். அந்த இடத்தில் பின் பட்டனை ஒரு முறை தட்டுங்கள். ஒரு துள்ளு பின்னால் போவாள். ஓடித் தாவுவதற்குச் சரியாக அவ்வளவு இடம்தான் வேண்டும். இப்போது முன் பட்டனை அழுத்தி, ஓடத் தொடங்கியதும் தாவல் பட்டனையும் அழுத்திப் பிடியுங்கள். விளிம்பின் நுனிக்கு வந்த கணத்தில் தானாகவே எழும்புவாள். எதிர்ப்பக்கம் தொலைவில் இருந்தால், காற்றில் இருக்கும்போதே பற்றும் பட்டனை அழுத்திக்கொள்ளுங்கள்.

முதல் நாள் இது இயந்திரத்தனமாகத் தோன்றும். இடது, வலது பட்டன்கள் லாராவைப் பக்கவாட்டில் நகர்த்தாமல் நின்ற இடத்திலேயே திருப்புவது இன்னும் எரிச்சல் ஊட்டும். டாங்கி ஓட்டுவதுபோல் இருப்பதால் இதை டாங்கிக் கட்டுப்பாடு என்றே சொல்வார்கள். "பழைய காலத்து விளையாட்டு, அப்படித்தான் இருக்கும்" என்று பலர் இதை ஒரு குறையாக ஒதுக்குகிறார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கட்டங்களால் ஆன உலகில் கட்டங்களால் அளந்து நகரும் உடல் வேண்டும். இரண்டும் ஒன்றுக்காக ஒன்று செய்யப்பட்டவை. கை பழகிய பிறகு என்ன நடக்கிறது பாருங்கள். பள்ளத்தைப் பார்க்கிறீர்கள், மூன்று கட்டம். பின்னால் ஓட இடம் இருக்கிறதா? இருக்கிறது. அப்படியானால் போகலாம். தாவுவதற்கு முன்பே முடிவு தெரிந்துவிடுகிறது. நான்கு கட்டம் என்றால் முயலவே வேண்டாம்; இந்த மண்டபத்தைக் கட்டியவர் வேறு எங்கோ வழி வைத்திருக்கிறார் என்று பொருள். முடியாது என்பதையும் இவ்வளவு தெளிவாகச் சொல்லும் விளையாட்டில் தேடுவது சுகம். எங்கே தேட வேண்டாம் என்பது தெரிந்துவிட்டால், மீதமுள்ள இடம் சிறியதுதான்.

இப்போது முதலில் சொன்ன மண்டபத்துக்குத் திரும்பி வாருங்கள். நிறம் மாறிய கல் பாளத்தைத் தள்ளவோ இழுக்கவோ முடியும். அதைத் தூணருகே நகர்த்தினால் ஒரு படி கிடைக்கும். தூணின் உச்சியிலிருந்து வாசலுக்கு எத்தனை கட்டம்? மூன்று. ஓட இடம் உண்டா? தூண் உச்சி ஒரே ஒரு கட்டம்தான். போதுமா? போதும். தண்ணீர்த் தொட்டி எதற்கு? தவறி விழுந்தால் உயிர் பிழைக்கவும் இருக்கலாம்; அடியில் ஒரு நெம்புகோல் ஒளிந்திருக்கவும் செய்யலாம். நான் கற்பனையாகச் சொன்ன மண்டபம்தான் இது. ஆனால் அந்தப் பதினைந்து லெவல்களில் எங்கே போனாலும் கேள்விகள் இந்த வரிசையில்தான் வரும்.

நான்கு பெயர்கள், நான்கு கதவுகள்

கட்டடத்தைப் படிப்பது என்றால் என்ன என்பதற்கு ஒரே ஓர் இடத்தைக் காட்டச் சொன்னால், ஐந்தாவது லெவலைக் காட்டுவேன். கிரேக்கப் பயணம் தொடங்கும் இடம் அது; செயின்ட் பிரான்சிஸ் ஃபாலி என்று பெயர்.

சிறிது தூரம் போனதும், கிணறுபோல் செங்குத்தாக இறங்கும் மாபெரும் மண்டபத்தின் உச்சிக்கு வருவீர்கள். கீழே பார்த்தால் தரை தெரியாது, இருட்டு மட்டுமே. சுவரோரம் நீட்டிக்கொண்டிருக்கும் விளிம்புகள், தூண்கள், நெம்புகோல்கள், நெம்புகோலை இழுத்ததும் சில நொடிகளுக்கு மட்டும் திறந்து மூடும் கதவுகள். இவற்றின் வழியாக ஏறியும் இறங்கியும் நான்கு அறைகளைக் கண்டுபிடிக்க வேண்டும். ஒவ்வோர் அறையிலும் ஒரு சாவி. நான்கு சாவிகளும் சேர்ந்தால் மண்டபத்தின் அடித்தளத்தில் உள்ள கதவு திறக்கும்.

அறைகளுக்குப் பெயர் உண்டு: நெப்டியூன், அட்லஸ், டாமக்ளிஸ், தோர். பெயரே துப்பு. நெப்டியூன் கடல் தெய்வம். அறையில் ஆழமான நீர், மூச்சு முடிவதற்குள் அடியில் வேலையை முடித்து மேலே வர வேண்டும். அட்லஸ் வானத்தைத் தோளில் சுமந்தவர். அங்கே பிரம்மாண்டமான உருண்டை ஒன்று உங்களை நோக்கி உருண்டு வரும். தோர் இடியின் தெய்வம். மின்னல் வெட்டும் அறையும் ஒரு பெரிய சம்மட்டியும் காத்திருக்கும். டாமக்ளிஸின் கதை தெரிந்தவர்களுக்கு அறைக்குள் நுழைந்ததும் கண் மேலே போகும். அரசனின் வாழ்வைப் பார்த்துப் பொறாமைப்பட்ட டாமக்ளிஸை அரசன் தன் இருக்கையில் உட்கார வைத்தான். தலைக்கு மேலே ஒற்றை மயிரில் ஒரு வாள் தொங்கியது என்பது பழங்கதை. இங்கும் கூரையில் வாள்கள் தொங்குகின்றன. உள்ளே போகும்போது ஒன்றும் நடக்காது. சாவியை எடுத்துத் திரும்பும்போதுதான் விழத் தொடங்கும்.

ரிக் டேஞ்சரஸின் பொறிக்கும் இதற்கும் உள்ள தூரத்தைப் பாருங்கள். கதவில் பெயர் எழுதியிருக்கிறது. வாள்கள் கண்ணுக்குத் தெரிகின்றன. நீங்கள் நிமிர்ந்து பார்த்தீர்களா, பெயரை யோசித்தீர்களா என்பது மட்டுமே கேள்வி. செத்தாலும், "நான் பார்த்திருக்க வேண்டும்" என்றுதான் தோன்றும். ஏழாவது லெவலான மைடாஸின் அரண்மனையிலும் இதே நேர்மை. தொட்டதெல்லாம் பொன்னாகும் அரசரின் உடைந்த சிலையின் கை ஒன்று கிடக்கிறது. ஈயக் கட்டிகளை அதில் வைத்தால் பொன்னாகும். அவை கதவைத் திறக்க உதவும். ஆர்வத்தில் லாராவையே அந்தக் கைமேல் ஏற்றினால், அவளும் பொன் சிலையாகி நின்றுவிடுவாள். கதை தெரிந்த எவரும் எதிர்பார்த்திருக்க வேண்டிய முடிவு.

அந்த நான்கு அறைப் பெயர்களில் ஒரு பிழை உண்டு. தொல்லியலாளரின் கண்ணோடு பார்த்தால் முதலில் கண்ணில் படுவது அதுதான். கிரேக்கத்து இடிபாட்டில் தோருக்கு என்ன வேலை? அவர் வட ஐரோப்பியத் தெய்வம். நெப்டியூன் ரோமானியப் பெயர். 2007-ல் 'டூம் ரைடர்: ஆனிவர்சரி' என்று இதே விளையாட்டை கிரிஸ்டல் டைனமிக்ஸ் புதிதாகச் செய்தபோது, தோருக்குப் பதில் ஹெஃபாயிஸ்டஸ், நெப்டியூனுக்குப் பதில் பொசைடன் என்று கிரேக்கப் பெயர்களை வைத்தார்கள். சிறிய திருத்தம்தான், இடத்துக்கு மரியாதை கொடுக்கும் திருத்தம். எனக்கு அது மிகவும் பிடித்தது.

இசை, எதிரி, சேமிப்பு பற்றியும் சில வார்த்தைகள். நேதன் மெக்ரீ அமைத்த இசை அரிதாகவே ஒலிக்கும்; மற்ற நேரமெல்லாம் காற்றும் தண்ணீரும் காலடி ஓசையும் மட்டும். அதனால்தான் மூன்றாவது லெவலில் பள்ளத்தாக்கின் இருட்டிலிருந்து டைனோசர் ஒன்று ஓடி வரும்போது நெஞ்சு உறைகிறது. எதிரிகள் குறைவு; துப்பாக்கி தானாகவே குறி பார்க்கும்; நீங்கள் தாவிக்கொண்டே சுட்டால் போதும். வழியை விட்டு விலகி ஒளிந்திருக்கும் இடத்தைக் கண்டுபிடித்தால் ஒரு சிறு மணியோசை கேட்கும். அது இரகசிய இடம் கிடைத்ததற்கான அறிகுறி. பிறகு வந்து தொடர்வதற்காக, விளையாடிய இடத்தைக் கணினியில் எங்கு வேண்டுமானாலும் சேமிக்கலாம். அன்றைய பிளேஸ்டேஷனில் நீலப் படிகங்கள் இருக்கும் இடத்தில் மட்டும்.

பிறகு வந்தவர்கள்

2007-ல் நாட்டி டாக் நிறுவனத்தின் 'அன்சார்ட்டட்' தொடர் தொடங்கியது. நேதன் டிரேக் என்ற புதையல் வேட்டைக்காரரின் கதை. ஏறுவதும் தாவுவதும் அதில் வழுக்கிக்கொண்டு போகும். பிடிக்க வேண்டிய விளிம்பு கண்ணுக்கு எடுப்பாகத் தெரியும். கை நீட்டினால் நாயகர் தானே பற்றிக்கொள்வார். தரையை எண்ண வேண்டியதில்லை. 2013-ல் டூம் ரைடர் மீண்டும் தொடக்கத்திலிருந்து எழுதப்பட்டது; யமட்டாய் என்ற தீவில் கப்பல் உடைந்து கரையொதுங்கும் இளம் லாரா. அதில் ஒரு பட்டனை அழுத்தினால் சுற்றியுள்ள முக்கியமான பொருள்கள் ஒளிரும். ஏற வேண்டிய பாறை விளிம்புகளில் வெள்ளைத் தீற்றல் இருக்கும்.

"இது விளையாடுபவரைக் குழந்தையாக நடத்துவது" என்று சிலர் கோபப்படுகிறார்கள். காரணம் அவ்வளவு எளிதல்ல. 1996-ன் கருவிகளால் கொஞ்சம்தான் வரைய முடியும். ஒரு மண்டபத்தில் ஒரு தூண் இருந்தால் அது ஏதோ ஒரு காரணத்துக்காகத்தான் இருக்கும். அலங்காரத்துக்கு வைக்க நினைவகத்தில் இடம் இல்லை. அதனால் பார்ப்பதையெல்லாம் துப்பாக எடுத்துக்கொள்ளலாம். இன்றைய திரையில் ஒரு மண்டபத்தில் கொடி, பாசி, உடைந்த பானை, ஆயிரம் கற்கள். அத்தனையும் அழகு, அத்தனையிலும் ஏற முடியாது. எது வழி, எது அலங்காரம் என்று பிரித்துச் சொல்லாவிட்டால் விளையாடுபவர் ஒவ்வொரு பாறையாக முட்டிக்கொண்டிருப்பார். அதற்காகத்தான் வெள்ளைத் தீற்றல். படம் வளமாக வளமாக, இடத்தைப் படிப்பது கடினமாகிவிட்டது. 2018-ல் வந்த 'ஷேடோ ஆஃப் தி டூம் ரைடர்' இதற்கு ஒரு நல்ல தீர்வு வைத்தது: சண்டை, தேடல், புதிர் மூன்றுக்கும் தனித்தனியாகக் கடினத்தை அமைத்துக்கொள்ளலாம். தேடலைக் கடினமாக வைத்தால் வெள்ளைத் தீற்றல் மறைந்துவிடும்.

லாரா தொல்லியலாளரா?

தொல்லியலை நேசிக்கும் யாரும் இந்தக் கேள்வியைக் கேட்காமல் போக முடியாது. விளையாட்டின் பெயரே வெளிப்படையானது. அதைத் தமிழில் சொன்னால் கல்லறைக் கொள்ளைக்காரி. லாரா கதவை உடைக்கிறாள், பொருளை எடுக்கிறாள், பையில் போடுகிறாள், அடுத்த நாட்டுக்குப் போகிறாள்.

உண்மையான அகழாய்வில் பொருளைவிட அது கிடந்த இடம் முக்கியம். எந்த மண்ணடுக்கில், எவ்வளவு ஆழத்தில், எதற்குப் பக்கத்தில், எந்தப் பக்கம் சாய்ந்து கிடந்தது என்பதையெல்லாம் குறித்த பிறகே ஒரு பொருள் பேசத் தொடங்குகிறது. 1922 நவம்பரில் எகிப்தில் பண்டைய அரசர் துத்தன்காமனின் கல்லறைப் படியைக் கண்டுபிடித்த தொல்லியலாளர் ஹாவர்ட் கார்ட்டர், உள்ளே இருந்த ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பொருள்களை வெளியே எடுத்து முடிக்கச் சுமார் பத்து ஆண்டுகள் ஆயின. ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்தார்கள். இருந்த இடத்திலேயே ஹாரி பர்ட்டன் படம் எடுத்தார். பிறகுதான் கை வைத்தார்கள். 1970-ல் யுனெஸ்கோ கொண்டுவந்த உடன்படிக்கை, பண்பாட்டுச் சொத்துகளைச் சட்டவிரோதமாக நாடு கடத்துவதைத் தடுக்கச் சொல்கிறது. லாரா செய்யும் எதையும் அதன் முன் நியாயப்படுத்த முடியாது. இதை மறைக்காமல் சொல்லிவிட்டுத்தான் விளையாட வேண்டும் என்பது என் எண்ணம்.

ஆனாலும் இரண்டு வேலைகளுக்கும் ஒரு பொதுத் திறமை இருக்கிறது. விளையாட்டின் இரண்டாவது லெவலின் பெயர் வில்கபாம்பா நகரம். அது கற்பனைப் பெயர் அல்ல. ஸ்பானியர்களிடம் தலைநகரை இழந்த, பெருவின் இன்கா அரசர்கள் ஒதுங்கிய கடைசிப் புகலிடம் வில்கபாம்பா. 1572-ல் அதுவும் வீழ்ந்தது. பிறகு அது எங்கே இருந்தது என்பதே மறந்துபோனது. விளையாட்டில் அது பனி மலைக் குகைக்குள், ஓநாய்கள் நடுவே இருக்கிறது. உண்மையில் அது தாழ்வான, அடர்ந்த காட்டில் இருந்தது. 1911-ல் மச்சு பிச்சு என்ற இன்கா மலை இடிபாட்டுக்குப் போன அமெரிக்க ஆய்வாளர் ஹைரம் பிங்ஹாம் அதே ஆண்டில் எஸ்பிரிட்டு பம்பா என்ற காட்டு இடிபாட்டையும் பார்த்தார். மச்சு பிச்சுதான் தொலைந்த வில்கபாம்பா என்று அவர் முடிவு கட்டினார். 1964-ல் ஜீன் சவாய் என்ற இன்னோர் அமெரிக்க ஆய்வாளர் அந்தக் காட்டு இடிபாட்டை மீண்டும் ஆராய்ந்தபோது, அங்கே கிடந்த கூரை ஓடுகள் அவருக்கு உண்மையைச் சொல்லின. கூரைக்கு ஓடு வேய்வது ஸ்பானியர் வழக்கம். இன்காக்கள் கட்டிய நகரில் ஸ்பானியப் பாணி ஓடு கிடக்கிறது என்றால், ஸ்பானியர் வந்த பிறகும் அங்கே இன்காக்கள் வாழ்ந்திருக்கிறார்கள். பொன் இல்லை, சிலை இல்லை. உடைந்த ஓடு ஒரு தலைநகரை அடையாளம் காட்டியது. அந்த ஓடுகள் பிங்ஹாமின் கண்ணிலும் பட்டவைதான். மச்சு பிச்சுவிலிருந்து பிங்ஹாம் காலத்தில் யேல் பல்கலைக்கழகத்துக்குப் போன பொருள்கள், ஏறத்தாழ நூறாண்டுகள் கழித்து 2011, 2012 ஆண்டுகளில் பெருவுக்குத் திரும்பின.

நிறம் மாறிய அந்தக் கல் பாளத்தை நினைத்துப் பாருங்கள். "இது ஏன் இங்கே இருக்கிறது?" என்று கேட்கிற கண் அதற்கும் வேண்டும், ஓட்டுத் துண்டுக்கும் வேண்டும். கொள்ளையடிக்காமல் இந்தக் கண்ணை மட்டும் பழக்க விரும்புகிறவர்களுக்கு வேறு கேம்களும் உண்டு. 2019-ல் இங்க்கிள் வெளியிட்ட 'ஹெவன்ஸ் வால்ட்' கேமில் நாயகி ஒரு தொல்லியலாளர். மறைந்த மொழியின் எழுத்துகளைப் படித்து, பொருள் ஊகித்து, பின்னர் திருத்திக்கொண்டே போவதுதான் விளையாட்டு. ஜப்பானில் 2005-ல் வந்த 'லா-முலானா' வேறு வகை: கல்வெட்டுகளில் உள்ள விடுகதைகளைத் தாளில் குறித்து வைத்துக்கொள்ளாமல் அதில் ஓர் அடி நகர முடியாது. பொறுமை அதிகம் உள்ளவர்களுக்கு மட்டும் அதைச் சொல்வேன்.

எங்கே தொடங்குவது

2024 பிப்ரவரியில் முதல் மூன்று டூம் ரைடர் கேம்களையும் சேர்த்து ஆஸ்பைர் நிறுவனம் புதுப்பித்து வெளியிட்டது. அதில் ஒரு பட்டனைத் தட்டினால் பழைய படத்துக்கும் புதிய படத்துக்கும் மாறிக்கொள்ளலாம். புதிய படம் அழகு; ஆனால் தரைக் கற்களை எண்ண முடியாமல் தடுமாறினால் பழைய படத்துக்கு மாற்றிப் பாருங்கள். புதிய பாணிக் கட்டுப்பாடும் உண்டு, டாங்கிக் கட்டுப்பாடும் உண்டு. ஒரு வாரம் டாங்கிக் கட்டுப்பாட்டோடு பொறுத்திருக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

கதையைத் தொடங்கும் முன் லாராவின் வீட்டுக்குப் போங்கள். அங்கே ஓர் உடற்பயிற்சிக் கூடம் இருக்கிறது. ஒவ்வொரு தாவலையும் அவளே சொல்லித் தருவாள், விழுந்தாலும் நட்டம் இல்லை. நுனிக்கு நடப்பது, ஒரு துள்ளு பின்னால் போவது, ஓடித் தாவுவது, பற்றுவது. இந்த நான்கும் யோசிக்காமல் வரும் வரை அங்கேயே இருங்கள்.

பிறகு பெருவின் பனி மலைக்குப் போகலாம். கதவு திறந்து, முதல் குகைக்குள் நுழைந்ததும் ஒரு நடைபாதை நீளும். ஓடாதீர்கள். நடை பட்டனை அழுத்திக்கொள்ளுங்கள். இரு பக்கச் சுவர்களையும் பாருங்கள். அங்கிருந்து அம்புகள் வரும், எங்கிருந்து வருகின்றன என்பதைச் சுவரே சொல்லும்.